மெக்டவல் கவுண்டி: ஒரு சுரங்க நாட்டின் ஏற்றமும் தேய்வும்

ஜனக்கணக்கு நூல்களில் சுவை யாதும் இல்லை என்று பலர் எண்ணுவர். வரிசை வரிசையாக இலக்கங்கள் நிற்கும் அந்நூல்களைக் கையில் எடுப்பவர் சிலரே. ஆயினும் அவ்விலக்கங்களைப் பொறுமையுடன் படிப்போமாயின், ஒரு குடும்பத்தின் பழைய வரவு செலவுக் கணக்கைப் பார்த்து அக்குடும்பத்தின் வாழ்வையும் தாழ்வையும் அறிந்துகொள்வதுபோல, ஒரு நிலப்பகுதியின் கதையை நாம் அறிந்துகொள்ளலாம். அத்தகைய கணக்கு ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேற்றிடங்களில் குடியேறிய நமக்கு, இக்கணக்கில் கருதத்தக்கது சிறிது உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மேற்கு வர்ஜீனியா இராஜ்யத்தின் தென்கோடியில் மெக்டவல் கவுண்டி என்னும் மலைநாடு இருக்கிறது. 1880ஆம் ஆண்டில் அதன் ஜனத்தொகை 3,074. 1900இல் அது 18,747 ஆயிற்று, 1920இல் 68,571, 1950இல் 98,887. இதுவே உச்சம். அதற்குப் பின் கணக்கு இறங்குமுகமாகிறது. 1960இல் 71,359, 1970இல் 50,666, 1990இல் 35,233, 2020இல் 19,111. ஒரு லட்சத்தை எட்டவிருந்த தொகை எழுபது ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இம்மக்களைப் போர் அழித்ததா? இல்லை. கொள்ளை நோய் கொண்டுபோயிற்றா? இல்லை. அவர்களுக்குச் சோறிட்ட நிலக்கரிதான் தீர்ந்துபோயிற்றா? அதுவும் இல்லை. நிலக்கரி இன்றும் அம்மலைகளில் வெட்டப்படுகிறது. அவ்வாறாயின் மக்கள் ஏன் போயினர் என்பதே நம் கேள்வி.

கவுண்டி என்பது யாது என்பதை முதலில் அறிதல் நலம். அமெரிக்க இராஜ்யம் ஒவ்வொன்றும் பல கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ மூவாயிரத்து நூறு கவுண்டிகள் உள்ளன. நம் நாட்டு ஜில்லாவைவிடப் பெரும்பாலானவை சிறியவை, தாலுக்காவுக்கு ஒப்பிடத்தக்கவை. கவுண்டியை ஆளும் குழுவினரையும், காவலுக்குத் தலைவரான ஷெரீப்பையும், கல்விக் குழுவினரையும் அவ்விடத்து மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். பள்ளிக்கூடங்களின் செலவில் ஒரு பெரும் பகுதி அவ்விடத்து நிலத்தின்மீதும் சொத்தின்மீதும் விதிக்கப்படும் வரியிலிருந்து வருகிறது. ஆகவே ஒரு கவுண்டியின் நிலமும் சொத்தும் எவர் கையில் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன மதிப்பு இடப்படுகிறது என்பவை அங்குள்ள குழந்தைகளின் படிப்பையே பாதிக்கும். இதனை நினைவில் இருத்திக்கொள்வோம்.

மெக்டவல் கவுண்டியின் பரப்பு 535 சதுர மைல். 1858இல் இது தனிக் கவுண்டியாக அமைக்கப்பட்டது. அப்பலாச்சிய மலைத்தொடரின் செங்குத்தான சரிவுகளும், அவற்றிடையே ஓடும் டக் நதியும் அதன் கிளை ஓடைகளுமே அந்நாடு. சமதரை என்பது மிக அரிது. வீடும் கடையும், சாலையும் இருப்புப்பாதையும், எல்லாம் ஓடைக் கரையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலேயே அடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கு வாழ்ந்த சில ஆயிரம் பேர் சோளம் விதைத்தும் பன்றி வளர்த்தும் வேட்டையாடியும் காலம் கழித்தனர்.

அம்மலைகளுக்குள் உலகில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றான நிலக்கரி படிந்திருந்தது. போகஹாண்டஸ் என்று பெயர் பெற்ற அந்நிலக்கரி எரியும்போது புகை குறைவு, வெப்பம் மிகுதி. கப்பல்கள் அதனை விரும்பின. இரும்பை உருக்கும் உலைகளுக்கு வேண்டிய கற்கரி செய்யவும் அது மிக ஏற்றது. எனினும் வண்டி போக வழியில்லாத மலையிலுள்ள செல்வம் எவருக்குப் பயன்படும்? 1888இல் நார்போக் அண்டு வெஸ்டர்ன் இருப்புப்பாதைக் கம்பெனியார் மலையைக் குடைந்து எல்க்ஹார்ன் சுரங்கவழியை அமைத்தனர். 1892இல் அப்பாதை ஓஹையோ நதிவரை சென்று சேர்ந்தது. அன்றுமுதல் கிழக்கே கடற்றுறைகளுக்கும் மேற்கே ஆலை நகரங்களுக்கும் மெக்டவலின் நிலக்கரி இரவும் பகலும் ஓடத் தொடங்கியது. 1902 முதல் அமெரிக்காவின் பெரும் எஃகு நிறுவனமான யூ.எஸ். ஸ்டீல் தன் சொந்த உலைகளுக்கென இங்கே சுரங்கங்களைத் திறந்து, தன் தலைவர் கேரியின் பெயரால் ஓர் ஊரையும் உண்டாக்கியது.

சுரங்கத்திற்கு ஆள் வேண்டும். மூவாயிரம் பேர் போதமாட்டார்கள். எனவே ஆள் சேர்ப்போர் நாற்றிசையும் சென்றனர். வர்ஜீனியா, வட கரோலினா, அலபாமா முதலிய தென் இராஜ்யங்களிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியானவர்கள் கப்பலேறி வந்தனர். ஓர் ஊரில் பல மொழிகள் ஒலித்தன. தென் இராஜ்யங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த அக்காலத்தில், மேற்கு வர்ஜீனியாவில் அவர்களுக்கு அவ்வுரிமை இருந்தது. பள்ளிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த போதிலும், வெட்டிய டன் ஒன்றுக்குக் கூலி இருசாராருக்கும் ஒன்றாக இருந்தது. 1928இல் இக்கவுண்டியைச் சேர்ந்த மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர் என்னும் அம்மையார் இராஜ்ய சட்டசபையில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் சட்டசபை உறுப்பினரான முதற் கறுப்பினப் பெண்மணி அவரே. முதல் உலகப் போரில் பணிபுரிந்த கறுப்பின வீரர்களின் நினைவாக அதே ஆண்டு கிம்பால் என்னும் ஊரில் எழுப்பப்பட்ட மண்டபம் இன்றும் நிற்கிறது.

வந்தவர்கள் வாழ்ந்த ஊர்கள் பெரும்பாலும் கம்பெனி ஊர்கள். அவற்றில் வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, மருத்துவரும் கம்பெனியின் ஆளே. கூலிக்கு முன்பணமாகக் கம்பெனியே அடித்து வெளியிட்ட உலோக வில்லைகள் கொடுக்கப்பட்டன. அவ்வில்லைகள் அக்கம்பெனியின் கடையிலன்றி வேறெங்கும் செல்லுபடியாகா. வேலை போயிற்றென்றால் அன்றே வீடும் போயிற்று. சங்கம் அமைக்க முயன்றோர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1921 ஆகஸ்ட் முதல் நாள், தொழிலாளர் பக்கம் நின்ற மேட்வன் நகரக் காவல் தலைவர் சிட் ஹாட்பீல்டு, வழக்கு ஒன்றிற்காக இக்கவுண்டியின் தலைநகரான வெல்ச்சுக்கு வந்தபோது, நியாயஸ்தலத்தின் படிக்கட்டிலேயே கம்பெனிகளின் தனியார் துப்பறிவோரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் மூண்ட சினத்தில் பல்லாயிரம் சுரங்கத் தொழிலாளர் படைபோல் திரண்டு பிளேர் மலையை நோக்கிச் சென்றதும், மத்திய அரசின் சேனை வந்து அவர்களைக் கலைத்ததும் வரலாறு. 1933க்குப் பின்னரே ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் இங்கு உறுதியாக வேரூன்றியது.

சுரங்கம் கூலியை மட்டுமா தந்தது? 1940 ஜனவரியில் பார்ட்லி என்னும் ஊரின் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 91 பேர் மாண்டனர். விபத்துக்குத் தப்பியவர்களையும் கரித்தூள் விடவில்லை. மூச்சுப்பையில் படிந்த தூளால் வரும் கருநுரையீரல் நோய் அவர்களுள் பலருடைய முதுமையைப் பறித்தது. மேற்கு வர்ஜீனியாத் தொழிலாளர்கள் 1969இல் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின், அவ்வாண்டிலேயே இந்நோய்க்கு நஷ்டஈடு வழங்கும் மத்திய சட்டம் பிறந்தது.

இவ்வளவு துன்பங்களுக்கிடையேயும் 1950ஆம் ஆண்டளவில் மெக்டவல் செழித்த நாடாகவே காணப்பட்டது. நாட்டிலேயே மிகுதியாக நிலக்கரி தந்த கவுண்டிகளின் முன்வரிசையில் அது நின்றது. சனிக்கிழமை மாலைகளில் வெல்ச் நகரத்து நடைபாதைகள் கொள்ளாமல் மக்கள் தெருவில் இறங்கி நடந்தனர். மோட்டார் வண்டிகளை நிறுத்த இடமின்றி, 1941இலேயே நகராட்சியார் அதற்கெனப் பல அடுக்குக் கட்டிடம் ஒன்றைக் கட்டவேண்டியிருந்தது.

அவ்வுச்சியிலேயே இறக்கத்தின் விதையும் இருந்தது. போருக்குப் பின் இரயில் என்ஜின்கள் டீசலுக்கு மாறின. வீடுகளைச் சூடேற்ற எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. இதனால் நிலக்கரியின் தேவை சுருங்கியது. ஆயினும் இதனினும் பெரிய மாறுதல் சுரங்கத்திற்குள்ளேயே நிகழ்ந்தது. முன்பெல்லாம் நிலக்கரிப் பாறையில் துளையிட்டு, வெடி வைத்துத் தகர்த்து, மண்வாரியால் வண்டியில் அள்ளிப்போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேவை. 1940களின் இறுதியில் வந்த புதிய யந்திரமோ, பற்கள் பதித்த சக்கரத்தால் நிலக்கரியைக் கிழித்து, அதே ஓட்டத்தில் பின்னே தள்ளி ஏற்றியும்விடும். துளையும் வேண்டாம், வெடியும் வேண்டாம். கூட்டமான ஆட்களும் வேண்டாம்.

இந்த யந்திரத்தைத் தொழிற்சங்கம் எதிர்க்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் 1950இல் முதலாளிகளுடன் செய்த உடன்படிக்கை, யந்திரங்களுக்கு வழிவிட்டு, அதற்கு ஈடாக உயர்ந்த கூலியையும், டன் ஒன்றுக்கு இவ்வளவு எனச் சேரும் நிதியிலிருந்து மருத்துவ உதவியையும் ஓய்வூதியத்தையும் பெற்றுத் தந்தது. குறைந்த ஆட்கள், நிறைந்த கூலி என்பது அவர் கொள்கை. வேலையில் நிலைத்தோருக்கு அது நன்மையே. நிலையாதோருக்கு? மேற்கு வர்ஜீனியாவில் 1940களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மிகுதியாக இருந்த சுரங்கத் தொழிலாளர் தொகை, 1960களின் தொடக்கத்தில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது.

நம் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. நிலக்கரி தீரவில்லை, ஆளின் தேவைதான் தீர்ந்தது. வேறு தொழில் இருந்திருந்தால் மக்கள் அதனை நாடியிருப்பர். ஆனால் ஒரே தொழிலை நம்பி எழுந்த நாட்டில் வேறு தொழில் ஏது? 1950க்கும் 1960க்கும் இடையே இக்கவுண்டியின் ஜனத்தொகையில் 27,528 குறைந்தது. மூட்டை முடிச்சுகளுடன் அவர்கள் ஓஹையோவின் ஆலை நகரங்களுக்கும் மிச்சிகனின் மோட்டார் தொழிற்சாலைகளுக்கும், பிற்காலத்தில் தெற்கே கரோலினா நகரங்களுக்கும் போயினர். முதலில் போனவர் இளைஞர். அவர்களோடு பிறக்கவிருந்த குழந்தைகளும் போனார்கள் என்றே சொல்ல வேண்டும். அப்பன் சுரங்கத்திற்கு வர, மகன் சுரங்கத்தைவிட்டுப் போனான். கோல்வுட் என்னும் இக்கவுண்டி ஊரில் வளர்ந்து, பள்ளிப் பருவத்தில் ராக்கெட் செய்து பழகி, பின்னர் விண்வெளி நிலையப் பொறியாளரான ஹோமர் ஹிக்கம் 1998இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் இத்தகைய ஒரு வெளியேற்றத்தின் கதையே.

போனவர்களைவிட இருந்தவர்களின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. 1960இல் தேர்தல் பிரசாரத்திற்காக இம்மலைகளில் சுற்றிய ஜான் கென்னடி, இங்குக் கண்ட வறுமையால் நெஞ்சம் கலங்கினார். 1961 ஜனவரியில் ஜனாதிபதிப் பதவி ஏற்றதும் அவர் இட்ட முதல் உத்தரவு, ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுப் பொருளை மிகுதியாக்குவதே. அவ்வாண்டு மே 29ஆம் நாள், சோதனைத் திட்டமாகத் தொடங்கிய உணவு முத்திரைகளில் நாட்டிலேயே முதல் முத்திரைகளை இக்கவுண்டியின் குடும்பம் ஒன்று பெற்றது. அக்குடும்பத்தில் பதினைந்து பேர். முத்திரைகளின் மதிப்பு 95 டாலர். பின்னர் 1964இல் சட்டமாகி, இன்று கோடிக்கணக்கான அமெரிக்கருக்கு உதவும் உணவு உதவித் திட்டத்தின் தொடக்கம் அதுவே. செல்வத்தை அள்ளிக் கொடுத்த மலைநாடு, பதினோராண்டுக்குள் உணவுக்குக் கையேந்த நேர்ந்தது.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது நிலக்கரிக்கு மீண்டும் மதிப்பு வந்தது. 1970இல் 50,666 ஆக இருந்த ஜனத்தொகை 1980இல் 49,899 ஆக நின்றது. வெளியேற்றம் ஏறக்குறைய ஓய்ந்தது. ஆனால் 1980களில் அமெரிக்க எஃகுத் தொழில் சரிந்தது. 1986இல் யூ.எஸ். ஸ்டீல் தன் கேரிச் சுரங்கங்களை மூடிவிட்டது. அப்பத்தாண்டில் மட்டும் பத்தில் மூவர் அளவு ஜனத்தொகை குறைந்தது. தொலைதூரத்து உலை அணைந்தால் மெக்டவலின் அடுப்பும் அணையும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இன்றைய நிலையைச் சுருக்கமாகக் காண்போம். 2020இன் 19,111 என்னும் தொகையில், 2010இல் வெல்ச்சுக்கு அருகில் திறக்கப்பட்ட மத்தியச் சிறையில் இருப்போரும் அடங்குவர். மக்களில் முதியோர் மிகுதி. பிறப்பைவிட இறப்பு மிகுதி. ஏறத்தாழ மூவரில் ஒருவர் வறுமைக் கோட்டின்கீழ் வாழ்கின்றனர். இடைத்தரக் குடும்பத்தின் வருமானம் நாட்டின் இடைத்தர வருமானத்தில் பாதியை எட்டவில்லை. சம்பளத்திற்கு வேலை கொடுப்பவற்றுள் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் சிறையும் அரசு அலுவலகங்களும் முக்கியமானவை. பல வீடுகளில் ஓய்வூதியமும் அரசு உதவித் தொகையுமே வருவாய். 2016இல் வால்மார்ட் நிறுவனம் தன் கடையை மூடியபோது சுமார் நூற்று நாற்பது பேர் வேலை இழந்தனர். காய்கறி வாங்கவும் மக்கள் நெடுந்தூரம் போகவேண்டி வந்தது.

உடல்நலக் கணக்கு இன்னும் கடுமையானது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியான ஆய்வில், இக்கவுண்டி ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 64 ஆண்டு எனக் கண்டனர். அதே காலத்தில், சில மணி நேர மோட்டார்ப் பயணத் தொலைவில் தலைநகர் வாஷிங்டனை அடுத்துள்ள பேர்பாக்ஸ் கவுண்டி ஆண்களின் ஆயுள் 82. ஒரே நாடு, ஒரே கொடி. ஆனால் பதினெட்டு ஆண்டு வேற்றுமை! சுரங்கத்தில் உடல் நொந்தோருக்கு வலி தீர்க்கக் கொடுத்த மாத்திரைகள் நாளடைவில் போதைப் பழக்கமாகிப் பலரைப் பலிகொண்டதும் இதற்கு ஒரு காரணம். கம்பெனிகள் கைவிட்டுப்போன பழைய குழாய்களின் நீரை நம்ப இயலாமல், சாலையோரத்து ஊற்றில் குடங்களை நிரப்பிச் செல்வோரும் உண்டு. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வீடுகள் நெருங்கி நிற்பதால் வெள்ளமும் அடிக்கடி சூறையாடுகிறது. 2001இலும் 2002இலும், பின்னர் 2025 பிப்ரவரியிலும் வந்த வெள்ளங்கள் உயிரையும் உடைமையையும் கொண்டுபோயின.

நூறாண்டுகளாக வெட்டி எடுத்த செல்வம் எங்கே போயிற்று? 1970களிலும் 1980களிலும் அப்பலாச்சியாவில் நடந்த நில உடைமை ஆய்வுகள் இதற்கு விடை கூறின. மெக்டவல் போன்ற சுரங்கக் கவுண்டிகளில் நிலத்திலும் நிலத்தடிப் பொருளிலும் மிகப்பெரும் பகுதி வெளியூர் நிறுவனங்களுக்கே உரியது. அதற்கு இடப்பட்ட வரியோ மிகச் சொற்பம். இலாபம் நியூயார்க்குக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் போயிற்று. வீடு கட்டவோ புதுத் தொழில் தொடங்கவோ நிலம் கேட்டாலும் கிடைப்பது அரிது. நாம் முன்னர்ச் சொன்ன பள்ளி வரியை இங்கே பொருத்திப் பார்த்தால், மலை நிறையச் செல்வம் இருந்தும் பள்ளிக்கூடம் ஏழையானது எவ்வாறு என்பது விளங்கும்.

இம்மக்கள் கைகட்டி நிற்கின்றனர் என்று எண்ணுதல் தவறு. கைவிடப்பட்ட மலைப் பாதைகளில் சிறு மோட்டார் வண்டிகளை ஓட்டி மகிழ வரும் வெளியூரார், விடுதிகளுக்கும் உணவுச் சாலைகளுக்கும் புது வருவாய் தருகின்றனர். 2011இல் ஆசிரியர் சங்கம் ஒன்றின் முயற்சியால் தொடங்கிய கூட்டுத் திட்டம், பள்ளிகளை மேம்படுத்துவதோடு, வெளியூர் ஆசிரியர்கள் வந்து தங்குவதற்கென வெல்ச்சில் குடியிருப்பும் எழுப்பியது. ஆசிரியர் தங்க வீடில்லாவிடில் ஆசிரியர் வரமாட்டார் என்னும் எளிய உண்மையை அவர்கள் உணர்ந்தனர்.

ஜனத்தொகை பெருகுவதையே ஒரு நாட்டின் சுபிட்சத்துக்கு அடையாளமாகக் கொள்வது வழக்கம். மெக்டவல் கவுண்டியின் கணக்கு அவ்வழக்கத்தைத் திருத்துகிறது. வேலைக்காக வந்து குவிந்த ஜனம் ஒன்று. வேரூன்றி வாழும் ஜனம் வேறு. வந்த செல்வத்தில் ஒரு பங்காவது பள்ளியாகவும் மருத்துவ நிலையமாகவும், நல்ல குடிநீராகவும் மாற்றுத் தொழிலாகவும் அவ்விடத்திலேயே தங்கியிருந்தால்தான், முதற்றொழில் தளரும்போது ஊர் நிலைக்கும். நம் நாட்டிலும் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் நம்பி எழுந்த நகரங்கள் பல. அவற்றில் வாழும் தமிழரும் பலர். அந்நகரங்களின் இலக்கங்களைப் படிக்கும்போது, எத்தனை பேர் வந்தனர் என்று கேட்பதோடு நில்லாமல், அவர்களுக்காக என்ன தங்கியிருக்கிறது என்றும் கேட்பது தக்கதாகும்.

அப்பலாச்சிய மலைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் வசந்தம் முதிரும் பருவத்தில், பலவிடத்தும் மே மாத இறுதியில், குடும்பத்தார் கூடி மலைமேலுள்ள இடுகாட்டுக்குச் சென்று, புல்லைச் செதுக்கி, முன்னோரின் கல்லறைகளில் மலர் வைப்பர். ஓஹையோவிலும் மிச்சிகனிலும் குடியேறியோரும் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதற்கென்று ஊர் வருவதுண்டு. அந்த ஒரு நாள் மெக்டவலின் சாலைகளில் வெளி இராஜ்ய வண்டிகள் நிறைகின்றன, ஒன்றாக உண்கின்றனர், மாலையில் மீண்டும் புறப்படுகின்றனர். அவர்கள் ஜனக்கணக்கில் வேறு ஊரின் பட்டியலில் இருக்கின்றனர். ஆயினும் எந்த ஊர் என்று கேட்டால், தாத்தா வேலை செய்த சுரங்கத்து ஊரின் பெயரையே இன்றும் சொல்கிறார்கள்.